ஸ்ரீசிட்டியில் செய்த போனில் லினக்ஸ்

2015 ஆகஸ்ட் 10 அன்று விசாகப்பட்டினத்தில் ஒரு கைப்பேசி அறிமுகமானது. பெயர் ரெட்மி 2 பிரைம், விலை ரூ. 6,999. ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் செய்து விற்ற முதல் போன் அதுதான். பாக்ஸ்கான் நிறுவனம் ஸ்ரீசிட்டியில் நடத்தும் ஆலையில் அது உருவானது. சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூரிலிருந்து புத்தூர் போய், நாகலாபுரம், சத்தியவேடு வழியாகக் கிழக்கே இறங்கினால் ஸ்ரீசிட்டி வந்துவிடும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இருக்கும். சத்தியவேட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தோடு இருந்தது. திருத்தணியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது ஆந்திரம். தமிழும் தெலுங்கும் புழங்கும் அந்த எல்லை மண்ணில்தான் பத்தாண்டுகளாக லட்சக்கணக்கில் போன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

அந்த ரெட்மி 2 பிரைம் இன்று பெரும்பாலான வீடுகளில் அலமாரியில் அணைந்து கிடக்கிறது, அல்லது குழந்தை கையில் விளையாட்டுச் சாமானாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு புதுப்பிப்பு நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றாடம் தேவைப்படும் செயலிகள் ஒவ்வொன்றாக “இந்தச் சாதனத்தில் ஓடாது” என்று சொல்லிவிட்டன. ஆனால் உள்ளே இருக்கும் சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு கோர், 2 ஜிபி ராம், 16 ஜிபி சேமிப்பு, 4.7 அங்குலத் திரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இந்தப் போனில் ஆண்ட்ராய்டை முழுதாக அழித்துவிட்டு, மேசைக் கணினியில் ஓடும் அதே லினக்ஸை ஏற்ற முடியும். உலகெங்கும் பொழுதுபோக்காகப் பலர் இதைச் செய்கிறார்கள். சித்தூர், திருப்பதி, வேலூர் வட்டாரத்தில் ஒருவர் இதில் இறங்கினால் எது வேலை செய்யும், எது செய்யாது, ஏன் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆண்ட்ராய்டிலும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தானே, பிறகு தனியாக லினக்ஸ் போன் எதற்கு? கெர்னல் லினக்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு போனுக்கும் சிப் நிறுவனம் ஒரு பழைய கெர்னலை எடுத்து, ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டுப்போட்டு, தன் மூடிய டிரைவர்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. சிப் நிறுவனம் கைவிட்ட நாளில் அந்தக் கெர்னலும் அங்கேயே நின்றுவிடும். பொழுதுபோக்காளர்கள் விரும்புவது லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கெர்னல். அதில் ஒரு போனின் ஆதரவு சேர்ந்துவிட்டால், அடுத்தடுத்த பதிப்புகள் அந்தப் போனுக்கும் தாமாக வந்துகொண்டிருக்கும். 2017 மே மாதம் ஒலிவர் ஸ்மித் அறிவித்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இயங்குதளம் இந்த எண்ணத்தில்தான் தொடங்கியது. ஒரு போன் பத்து ஆண்டு வாழ வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

இந்த ஆசை வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்து இறங்கியதல்ல. சித்தூரிலிருந்து பேருந்தில் நாலைந்து மணி நேரத்தில் எட்டிவிடும் பெங்களூரில், அது மற்ற பல நாடுகளுக்கும் முன்பே முளைத்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001இல் சிம்ப்யூட்டரைக் காட்டினார்கள். உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினி அது. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப்பில் ஓடியது. கிராமத்தில் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தைப் பேச்சாக்கிச் சொல்ல ‘த்வனி’ என்ற மென்பொருளும் அந்த முயற்சியில்தான் பிறந்தது. பின்னாளில் அது கட்டற்ற மென்பொருளாகப் பல இந்திய மொழிகளுக்கு விரிந்தது. மென்பொருளைத் திறந்துவிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை, வன்பொருள் வடிவத்துக்கும் தனியாகத் திறந்த உரிமம் எழுதினார்கள். இதைத்தான் வியந்து பாராட்ட வேண்டும். போன் உலகம் இன்னும் எட்டிப் பிடிக்காத இடம் அது.

2004 ஏப்ரலில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் ரூ. 9,950 தொடக்க விலையில் சந்தைக்கு வந்தது. கருவியைச் சாய்த்தால் உணரும் அசைவு உணரியும் அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டு இருந்த காலம். ஆனாலும் விற்றது சில ஆயிரங்கள்தான். பத்தாயிரம் ரூபாய் அன்று ஏழைக்கும் ஊராட்சிக்கும் பெரிய தொகை. அதற்குள் மலிவு விலை செல்போன் கிராமம் கிராமமாக நுழைந்துவிட்டது. பேசுவதற்கு ஒரு கருவி கிடைத்தபின், பேச முடியாத கருவியை யார் வாங்குவார்கள்? இந்தப் பேச்சுச் சிக்கல் இருபது ஆண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

நடுவில் கடைக்கு வந்த மாற்றுப் போன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014இல் பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் ரூ. 1,999க்கு வந்தது. 2015 ஜனவரியில் டைசன் இயங்குதளத்தோடு சாம்சங் இசட்1 ரூ. 5,700க்கும், 2016இல் பின்லாந்தின் செயில்பிஷ் இயங்குதளத்தோடு இன்டெக்ஸ் அக்வா பிஷ் ரூ. 5,499க்கும் வந்தன. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் இருந்தது. வேண்டிய செயலிகள் போதாததால் எதுவும் நிற்கவில்லை. பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வழித்தோன்றலான காய்ஓஎஸ் மட்டும் 2017இல் ஜியோபோனுக்குள் புகுந்து கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைத் திறந்து பார்க்க யாரும் அழைக்கப்படவில்லை.

திறந்து பார்க்கவே செய்த போன்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2017இல் பியூரிசம் நிறுவனம் மக்களிடமிருந்து இருபது லட்சம் டாலருக்கு மேல் திரட்டி லிப்ரம் 5 போனைத் தொடங்கியது. அதற்காக எழுதிய ஃபாஷ் என்ற திரை இடைமுகம் இன்று பல லினக்ஸ் போன்களில் ஓடுகிறது. இரண்டாவது பைன்64 குழுவின் பைன்போன். 2020 ஜனவரியில் 149 டாலர் விலையில் முதல் தொகுதி போனது. பின்மூடியைத் திறந்தால் வரிசையாக ஆறு குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் போகும் இணைப்பை அதில் துண்டிக்கலாம். ஹெட்போன் துளைக்கு உரிய கடைசிச் சுவிட்சைத் தள்ளினால், அந்தத் துளை வழியாகவே கெர்னல் பேசுவதைக் கணினியில் படிக்கலாம். மெமரி கார்டில் ஓர் இயங்குதளத்தை எழுதிச் செருகினால் அது அப்படியே கிளம்பும். கார்டைப் பிடுங்கினால் பழையது திரும்ப வரும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல போன் இல்லை. இந்தியாவில் இதைக் கடையில் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவோடு சுங்கமும் சேரும். 2018இல் கைப்பேசி இறக்குமதி வரி 20 விழுக்காடாக உயர்ந்தது. 2024 ஜூலையில்தான் 15க்கு இறங்கியது.

இப்போது அலமாரியில் கிடக்கும் ரெட்மி 2 பிரைமை எடுத்து, அந்தப் பைன்போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைன்போனில் நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர், ரெட்மியிலும் அதே நான்கு. முதல் பைன்போனில் 2 ஜிபி ராம், 16 ஜிபி சேமிப்பு. ரெட்மியிலும் அதே. இரண்டிலும் பேட்டரியைக் கையால் கழற்றலாம். கடல் கடந்து வரவேண்டிய ஒன்றுக்கு ஏறத்தாழச் சமமான வன்பொருள் பக்கத்து ஊர் ஆலையில் செய்யப்பட்டு, இப்போது வீட்டில் தூசி படிந்து கிடக்கிறது.

இந்தப் பழைய ரெட்மியில் லினக்ஸ் இவ்வளவு நன்றாக ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதிலிருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 410, அதாவது எம்எஸ்எம்8916. இதே சிப்பின் மோடம் இல்லாத உடன்பிறப்பை வைத்து 2015இல் டிராகன்போர்டு 410சி என்ற பயிற்சிப் பலகை வெளிவந்தது. லினாரோ நிறுவனப் பொறியாளர்கள் அந்தப் பலகைக்காக எழுதிய டிரைவர்கள் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தன. பலகைக்காக விதைத்ததை அதே சிப் கொண்ட போன்கள் எல்லாம் அறுவடை செய்கின்றன. இன்னொரு சுவையான கிளை 2022 வாக்கில் கிளம்பியது. மலிவாக விற்கும் பெயரில்லாத 4ஜி யுஎஸ்பி டாங்கிள்கள் பலவற்றுக்குள்ளும் இதே சிப்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றிலும் டெபியன் லினக்ஸை ஏற்றிவிட்டார்கள்.

ஏற்றும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினி, நல்ல டேட்டா கேபிள், பழுதில்லாத பேட்டரி, இவ்வளவு போதும். மடிக்கணினியில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பிஎம்பூட்ஸ்ட்ராப் என்ற கருவியை ஓட்டினால் அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். எந்த நிறுவனம்? எந்தப் போன்? ரெட்மி 2க்கு விடை டபிள்யூடி88047. இந்தப் போனை ஷாவ்மிக்காக வடிவமைத்த விங்டெக் நிறுவனம் வைத்த எண் அது. திரை இடைமுகமாக ஃபாஷ் வேண்டுமா, பிளாஸ்மா மொபைலா என்று அடுத்து கேட்கும். வேலை முடிந்ததும் போனுக்கு ஏற்ற கோப்பு தயாராக இருக்கும். போனை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் நிலை வரும். முதலில் எல்கே2என்டி என்ற இரண்டாம் பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் நிரலை, சேமிப்பின் பூட் பகுதியில் எழுத வேண்டும். பிறகு அதன் வழியாக லினக்ஸை உள்ளே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது பூட்லோடர் ஏன்? சர்வீஸ் கடையில் காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம், மாற்றியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே மாடல் போனில் ஒரு தொகுதிக்கு ஒரு நிறுவனத்தின் டிஸ்ப்ளே, அடுத்த தொகுதிக்கு வேறொன்றின் டிஸ்ப்ளே என்று ஆலையில் மாற்றிப் பொருத்துவது வழக்கம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் எழுப்பும் கட்டளை வேறு. போனோடு வந்த பூட்லோடர் எந்த டிஸ்ப்ளே என்று கண்டறிந்து அதன் பெயரை கெர்னலுக்குச் சொல்லும். அந்தப் பெயர் பழைய ஆண்ட்ராய்டு கெர்னலுக்குத்தான் புரியும். எல்கே2என்டி நடுவில் நின்று பெயரை வாங்கி, முதன்மைக் கெர்னல் படிக்கும் வன்பொருள் வரைபடத்தில் சரியான டிஸ்ப்ளேயை எழுதிக்கொடுக்கிறது. கடையில் மாற்றிய காம்போவில் டச் சிப் வேறாக இருந்தால், படம் வரும், தொட்டால் அசையாமல் இருக்கும். எந்தச் சிப் என்று கண்டுபிடித்து வரைபடத்தில் ஒரு வரி சேர்த்து மறுபடி ஏற்றினால் திரை விரலுக்கு இணங்கும். அந்த ஒரு வரிக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம். இந்தப் பொழுதுபோக்கின் சுகம் முழுதும் அந்த இரண்டு ஞாயிறுகளில் இருக்கிறது.

தொடங்கும் முன் செய்தே ஆகவேண்டிய ஒன்று, சேமிப்பின் மோடம் பகுதிகளைக் கணினியில் நகலெடுத்து வைப்பது. ஐஎம்இஐ எண்ணும் அலைவரிசை அளவீடுகளும் அங்கே இருக்கின்றன. அவை அழிந்தால் சிம் இருந்தும் சிக்னல் இல்லாத போன் ஆகிவிடும். ஐஎம்இஐயை வேறு எண்ணாக மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பதால், சொந்த நகல் ஒன்றே பாதுகாப்பான வழி. போன் முழுக்கச் செத்துவிட்டது போலத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். குவால்காம் சிப்புகளில் அவசரகால நிலை ஒன்று உண்டு. கணினியில் 9008 என்ற எண்ணோடு ஒரு போர்ட்டாகத் தெரியும். டெட் போன்களை எழுப்பும் சர்வீஸ் கடைக்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தும் வழி அது. சித்தூரிலும் வேலூரிலும் உள்ள அத்தகைய கடைக்காரர்களின் கைத்திறனும், கல்லூரிப் பிள்ளைகளின் நிரல் அறிவும் ஒரே மேசைக்கு வந்தால் எவ்வளவோ செய்யலாம். இரண்டும் இன்று தனித்தனியாக இருப்பது பெரிய இழப்பு.

ஏற்றியாயிற்று. திரை, தொடுதல், வைஃபை, உலாவி, டெர்மினல் வேலை செய்யும். கேமராவை நம்ப வேண்டாம். இனி வருவது அந்தப் பேச்சுச் சிக்கல்.

2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அழைப்பு முழுதும் 4ஜி வழியாகப் போகும் வோல்ட்இ. வோல்ட்இ பேச ஐஎம்எஸ் என்ற மென்பொருள் அடுக்கு வேண்டும். பெரும்பாலான போன்களில் அதன் ஒரு பகுதியாவது ஆண்ட்ராய்டு பக்கத்தில், மூடிய நிரலாக இருக்கிறது. ஆண்ட்ராய்டை அழிக்கும்போது அதுவும் போய்விடும். அதனால் ஜியோ சிம் போட்ட லினக்ஸ் ரெட்மியில் இணையம் வரும், அழைப்பு வராது. 2ஜி இன்னும் வைத்திருக்கும் ஏர்டெல், வீ சிம்களில் அழைப்பு 2ஜிக்கு இறங்கிப் போக வழி இருக்கிறது. அந்த 2ஜியும் ஒரு நாள் மூடப்படும். பைன்போனின் நிலை கொஞ்சம் மேல். அதன் குவெக்டெல் இஜி25-ஜி மோடத்துக்குள்ளேயே இன்னொரு குட்டி லினக்ஸ் ஓடுகிறது, வோல்ட்இ அங்கேயே நடக்கிறது. ஆர்வலர்கள் அந்த மோடத்தின் மென்பொருளையும் பெருமளவு திறந்த நிரலால் மாற்றி எழுதிவிட்டார்கள். இந்தியாவில் 4ஜி ஓடும் 3, 5, 40 ஆகிய முக்கியப் பேண்டுகளும் அதில் உண்டு. ஆக, சிக்கல் லினக்ஸின் இயலாமையில் இல்லை. தரநிலை பொதுவாக இருந்தும், அதைச் செயல்படுத்தும் நிரல் ஒவ்வொரு சிப் நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கிறது என்பதே சிக்கல்.

அடுத்த சுவர் யுபிஐ. காய்கறி வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்கும் ஊரில் பணம் அனுப்ப முடியாத போன் பாதிப் போன்தான். வேடிராய்டு என்ற கருவியால் லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஒரு பெட்டியாக ஓட்டலாம், எளிய செயலிகள் நன்றாகவே ஓடும். ஆனால் பணச் செயலிகள் சிம் இருக்கும் கருவியிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கின்றன. கருவி கூகுளின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்க்கின்றன. பாதுகாப்புக்காகச் செய்தது என்பது நியாயம். அதன் விளைவாக, தன் சொந்தப் போனில் தனக்கு வேண்டிய இயங்குதளத்தை வைத்திருப்பவர் பொதுக் கட்டமைப்புக்கு வெளியே தள்ளப்படுகிறார். இது நியாயமில்லை. ஒரு பொத்தான் போனுக்கு இருக்கும் வழிகூட அவருக்கு மறுக்கப்படக் கூடாது. அந்த வழி இருக்கவும் செய்கிறது. 2014இல் நாடு முழுதும் வந்த *99# சேவைக்கு இணையமோ செயலியோ தேவையில்லை. லினக்ஸ் போனின் அழைப்புச் செயலிக்கு இத்தகைய எண்களை அனுப்பவும் பதில் காட்டவும் தெரியும். சிம்மின் நிறுவனம் அந்தச் சேவையைத் தந்தால், சிறு தொகைகளை இதில் அனுப்ப முயலலாம்.

உள்நாட்டு இயங்குதளம் இதற்கு வழியாகுமா? 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி சார்பில் பார்ஓஎஸ் அறிமுகமானபோது, உள்நாட்டுப் போன் இயங்குதளம் வந்துவிட்டது என்று செய்திகள் பரபரத்தன. அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியது. அதிகப் பாதுகாப்பு வேண்டும் நிறுவனங்களுக்கானது. பழைய போனைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

தமிழ் என்ன ஆகிறது? படிப்பதில் குறையே இல்லை. நோட்டோ, லோகித் எழுத்துருக்கள் ஒரு கட்டளையில் வந்துவிடும். ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் அமர்வதை ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் சரியாகப் பார்த்துக்கொள்கிறது. தெலுங்கின் அடியெழுத்துகளும் அப்படியே. எழுதுவதில்தான் குறை. ஃபாஷ் திரையோடு பல ஆண்டுகளாக வந்த ஸ்க்வீக்போர்டு விசைப்பலகையில் எந்த விசை எங்கே என்பது ஓர் எளிய உரைக்கோப்பு. யார் வேண்டுமானாலும் ஒரு மாலையில் தமிழுக்கு எழுதிவிடலாம். ஆனால் 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் தரமாக்கிய தமிழ்99 அதில் முழுதாக அடங்காது. தமிழ்99இல் க விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’ ஆகும். முந்தைய எழுத்தை நினைவில் வைத்து முடிவெடுக்கும் வேலை அது, வெறும் விசைப்படத்தால் ஆகாது. மேசைக் கணினி லினக்ஸில் இந்தத் தருக்கம் பல ஆண்டுகளாக எழுதப்பட்டுத் தயாராக இருக்கிறது. அதைத் தொடுதிரை விசைப்பலகையோடு பிணைக்கும் வேலைதான் பாக்கி. தமிழ் தெரிந்தவர் செய்தால்தான் சரியாக வரும் வேலை அது.

செய்யக்கூடியவர்கள் இல்லாமலும் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து கூடுகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அதுபோன்ற குழுக்கள் உண்டு. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே கற்பிக்கிறது. கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் போய் ரயிலேறினால் காட்பாடி வழியாகச் சென்னை. ரிச்சி தெருவில் பேட்டரியும் கேபிளும் வாங்கிக்கொண்டு இரவே திரும்பிவிடலாம்.

ஆட்கள் இருந்தும் எது தடுக்கிறது என்றால், போனின் பூட்டு. 2015இன் ரெட்மி 2இல் பூட்லோடரைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2016 முதல் ஷாவ்மியும் பூட்லோடரைப் பூட்டத் தொடங்கியது. இன்று சில நிறுவனங்கள் காத்திருக்கச் சொல்லித் திறந்துவிடுகின்றன, சில திறப்பதே இல்லை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்து, அந்த ஆண்டு இறுதியில் இணையதளமும் தொடங்கியது. உதிரிபாகம், கையேடு, சேவை மையம் என்பதில் பேச்சு நிற்கிறது. புதுப்பிப்பை நிறுத்தும் நாளில் பூட்லோடர் சாவியையும் கெர்னல் மூலநிரலையும் வாங்கியவரிடம் தந்துவிட வேண்டும் என்ற ஒரு விதி சேர்ந்தால், ஸ்ரீசிட்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று செய்யப்படும் போன்களுக்கும் 2035இல் ஒரு வாழ்வு இருக்கும். மூலநிரலைத் தருவது கெர்னலின் உரிமப்படி ஏற்கெனவே கடமைதான். சாவிக்குத்தான் சட்டம் வேண்டும்.

அதுவரை ரெட்மி 2 போன்றவை பேசும் போனாக இல்லாமல் வேறு வேலைக்கு நன்றாகப் பயன்படுகின்றன. யுஎஸ்பி வழியாக வெப்ப உணரியை இணைத்து, மாந்தோப்பிலோ வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலோ அளவு குறிக்கும் கருவியாக்கலாம். வீட்டில் கோப்புகள் வைக்கும் சின்ன சர்வராக்கலாம். மின்வெட்டு வந்தாலும் சொந்த பேட்டரியில் ஓடும். இரவும் பகலும் சார்ஜரில் கிடந்தால் அந்தப் பேட்டரி உப்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை மேசைமேல் படுக்கவைத்து விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பம்பரம் போலச் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான்.